ஐஸ் புழங்கிய வீடு: பதற்றத்தில் செய்யும் தவறுகள்

எங்கள் கரையில் ஐஸ் என்றால் மீன்மேல் கொட்டுவது. பாம்பனிலும் மண்டபத்திலும் விடியுமுன் ஐஸ் கட்டியை உடைக்கிற சத்தம் கேட்டுத்தான் பாதி ஊர் கண் விழிக்கும். இப்போது அந்தச் சொல்லுக்கு மெத்தபெட்டமைன், சுருக்கமாக மெத், என்ற போதைப்பொருள் என்று இன்னொரு அர்த்தமும் சேர்ந்துவிட்டது. இலங்கை இத்தனை பக்கத்தில் இருப்பதால் கடத்துகிறவர்களின் கண் இந்தக் கரைமேல் விழுகிறது. பொட்டலம் பிடிபட்டது, ஆள் கைது என்பதோடு செய்தி முடிந்துவிடும். அது புழங்கிய வீட்டை அப்புறம் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

சொல்லாததன் விளைவை நேரில் பார்த்தேன். எங்கள் ஊரை அடுத்த தொகுப்பு வீடுகளில், உள்வாடகைக்கு இருந்த ஒரு பையனை இந்தப் பொருள் வைத்திருந்ததற்காகப் போலீஸ் கூட்டிப்போனது. "அந்தச் சுவத்துல கை வச்சாலே பித்துப் பிடிச்சிருமாம்" என்று அன்று சாயங்காலமே பேச்சு கிளம்பிவிட்டது. மறுநாள் அவன் அம்மாவின் பாய், பாத்திரம், தையல் மெஷின் எல்லாம் தெருவில் கிடந்தன. ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து வீடு முழுக்க ஊற்றினார்கள். அடுத்த வாரம் பெயின்ட் அடித்து வேறொரு குடும்பத்தைக் குடிவைத்தாயிற்று. செய்யக்கூடாததை எல்லாம் எட்டே நாளில் செய்து முடித்திருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே குழப்பம். பொருளை வைத்திருந்த வீடு, புகைத்த வீடு, காய்ச்சிய வீடு மூன்றும் ஒன்றல்ல. கட்டிய பொட்டலம் கிடந்த வீட்டில் சுவரில் ஒன்றும் ஒட்டியிருக்காது. புகைத்த வீட்டில் புகை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகச் சுவரிலும் கூரையிலும் படியும். மாதக்கணக்கில் தானாகப் போகாது. காய்ச்சிய வீட்டின் கதையே வேறு. அமிலம், காரம், சட்டென்று தீப்பிடிக்கும் கரைப்பான் எல்லாம் அங்கே கிடக்கும். அதைக் கேஸ் கசிந்த வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போடாமல், ஃபேன் ஓட்டாமல், எதையும் தொடாமல் வெளியே வந்து 112-ஐ அழைக்க வேண்டும். கேனைத் திறந்து முகர்ந்து பார்ப்பது, 'நமக்கெதற்கு வம்பு' என்று வெளியே மணலில் கொட்டிவிடுவது இரண்டுமே ஆபத்து. இந்தக் கரையில் மணலைச் சில அடி தோண்டினால் ஊறுகிற ஊற்றுத் தண்ணீரைத்தான் பல குடும்பங்கள் நம்பியிருக்கின்றன. கொட்டியது எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

இதே குழப்பத்தால் ஒரு நாட்டின் அரசே தலைகுனிந்தது. நியூசிலாந்தில் அரசு வாடகை வீடுகளைக் கவனித்து வந்த அமைப்பு ஹவுசிங் நியூசிலாந்து. அந்நாட்டின் சுகாதார அமைச்சகம் 2010-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. காய்ச்சிய வீட்டைச் சுத்தம் செய்தபின் 100 சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் மிஞ்சக் கூடாது என்றது அது. வீட்டு அமைப்போ அந்த அளவைப் புகைத்த வீடுகளுக்கும் பொருத்தியது. யாரோ எப்போதோ புகைத்த தடம் தெரிந்தாலும் குடியிருப்பவர் வெளியேற வேண்டும். குடிவைக்கும் முன் பல வீடுகளைச் சோதித்திருக்கவில்லை என்பதால், அந்தத் தடம் இவருடையதா, முன்பு இருந்தவருடையதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. 2017-ல் தரநிலை 1.5 மைக்ரோகிராம் ஆனது. 2018 மே மாதம் பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகர் பீட்டர் குளக்மன் ஓர் அறிக்கை கொடுத்தார். பிறர் புகைத்த வீட்டில் குடியிருந்ததால் மட்டும் உடல்நலம் கெட்டதற்கு மருத்துவ ஆய்வுகளில் ஆதாரம் இல்லை, காய்ச்சியதற்கான அறிகுறி இல்லாதபோது 15 மைக்ரோகிராம் வரை கவலை வேண்டாம் என்பது அதன் சாரம். அதற்குள் சோதனைக்கும் சுத்தத்துக்கும் சுமார் 10 கோடி நியூசிலாந்து டாலர் போயிருந்தது. சுமார் 800 பேர் குடியிருப்பை இழந்திருந்தார்கள். அதே ஆண்டில் அமைப்பு மன்னிப்புக் கேட்டு, இழப்பீடு தருவதாக அறிவித்தது.

15 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? பத்தடி உயரம், பத்தடி அகலம் உள்ள ஒரு சுவர் முழுக்க அந்த அளவில் படிந்திருந்தாலும், எல்லாவற்றையும் வழித்துச் சேர்த்தால் 14 மில்லிகிராம்தான் வரும். ஓர் அரிசி மணியின் எடைக்கு முன்பின். பொருள் சாதுவானது என்று சொல்ல வரவில்லை. அதை இழுக்கிறவன் உடம்பில் அது செய்வது வேறு கணக்கு. சுவரைத் தொட்டால் பித்துப் பிடிக்கும் என்பது கட்டுக்கதை, அவ்வளவுதான்.

கண்ணையும் மூக்கையும் நம்பித் தீர்ப்புச் சொல்வது நம்மூருக்கே உரிய தவறு. கடற்காற்றில் எங்கள் சுவர்கள் உப்புப் பூத்து வெள்ளையாகப் பொரியும். நிலைவாசலில் திருஷ்டிக்குக் கட்டிய படிகாரம் பளபளப்பான கட்டியாகத் தொங்கும். பக்கத்தில் கருவாடு காய்ந்தால் நவச்சார நெடி மாதிரி ஒன்று மூக்கில் ஏறும். இதில் எதை வைத்தும் ஒரு வீட்டுக்குப் பெயர் சூட்ட முடியாது. சுவரில் 10-க்கு 10 சென்டிமீட்டர் கட்டத்தை ஈரப்பஞ்சால் ஒற்றியெடுத்து ஆய்வகத்தில் பார்த்தால்தான் தெரியும். அங்கும் ஒரு சூட்சுமம் உண்டு. ஐந்து இடத்தில் ஒற்றியதைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, வந்த மொத்தத்தை ஒரே இடத்து அளவாகப் படித்தால் வீடு ஐந்து மடங்கு மோசமாகத் தெரியும்.

சரி, புகைத்த வீடு என்று உறுதியாகிவிட்டது. சுத்தம் செய்ய வேண்டுமே? முதலில் போலீஸ், அங்கே கண்டதையும் எடுத்ததையும் பதிகிற மகஜரை எழுதி, வேலையை முடித்துவிட்டதாகச் சொல்லட்டும். அதற்குமுன் துடைத்தால் தடயத்தை அழித்த பழி நம்மேல் வரும். அப்புறம் ஜன்னல் கதவையெல்லாம் திறந்து, காற்றுக்கு விட்டுவிடுங்கள். காற்றுக்கு இங்கே பஞ்சமா? ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். கழிவறைக்கு ஊற்றும் ஆசிடோடு அது கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய சின்ன அறையில் ஆளையே சாய்த்துவிடும். பினாயிலும் சாம்பிராணியும் வாசனையை மாற்றுமே தவிர வேறொன்றும் செய்யாது. சாதாரண சோப்புத் தண்ணீர் போதும். மெத் தண்ணீரில் கரையக்கூடியது. கையுறை போட்டுக்கொண்டு, கூரையில் தொடங்கித் தரைவரை மேலிருந்து கீழாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, தண்ணீரையும் துணியையும் மாற்றி மறுபடி இரண்டு தடவை. சீலிங் ஃபேன் இறக்கையையும் ஏசி இருந்தால் அதன் ஃபில்டரையும் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் தூசிதான் பறக்கும்.

பெயின்ட் கடைசியில்தான். கழுவாத சுவரில் அடித்தால் படலம் அடியில் அப்படியே இருக்கும். மேல்பூச்சு உரிந்தால் மறுபடி வெளியே வரும். எங்கள் கரையில் எந்தப் பெயின்ட் உரியாமல் நின்றிருக்கிறது?

சாமான்களை எல்லாம் தெருவில் எறிய வேண்டியதில்லை. எவர்சில்வர் பாத்திரம், தையல் மெஷின், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கழுவித் துடைத்தால் சரியாகிவிடும். துணிகளைத் துவைத்துக்கொள்ளலாம். விடாமல் புகைத்த அறையில் கிடந்த பஞ்சு மெத்தை, தலையணையை மட்டும் கழித்துவிடுவது நல்லது. தவழும் குழந்தை இருக்கிற வீடென்றால் கட்டாயம்.

சட்டத்தைப் பற்றிய பயமும் ஆட்களைத் தவறு செய்ய வைக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 25-வது பிரிவில், தெரிந்தே தன் இடத்தைக் குற்றத்துக்கு விட்டவரைத் தண்டிக்கிறது. 'தெரிந்தே' என்ற சொல்தான் அங்கே முக்கியம். ஒதுக்கீடு ஒருவர் பெயரில், குடியிருப்பது இன்னொருவர், கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை என்றால், எனக்குத் தெரியாது என்று எப்படிக் காட்டுவீர்கள்? உள்வாடகை விடுவதே விதிமீறல் என்பது தனிக் கதை. அதே சட்டத்தின் 64ஏ பிரிவை அதிகம் பேர் அறிந்திருப்பதில்லை. உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டியவர், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு. மெத்துக்குச் சிறிய அளவு 2 கிராம். வணிக அளவு 50 கிராம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனின் வாழ்க்கையே மாறும். போதையிலிருந்து மீள உதவி தேடுபவர்களுக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. பிள்ளையின் நடத்தையில் சந்தேகம் வந்தால் தெருவில் பேச்சு கிளம்பும் வரை காத்திருக்காமல் வீட்டாரே கூப்பிடலாம்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தொகுப்பு வீட்டின் கூரையில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து, அடுப்படிக்கு நேர்மேலே ஒரு சாண் அகலத்துக்குத் தொங்கிக்கொண்டிருக்கிறது. சுவரைத் தொடப் பயந்தவர்கள் அதன்கீழே உட்கார்ந்துதான் சமைக்கிறார்கள். அந்தப் பையனின் அம்மா தங்கச்சிமடத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். தையல் மெஷினை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். புதுப் பெயின்ட் போன மாதமே பொரியத் தொடங்கிவிட்டது. விரலால் தொட்டுப் பார்த்தேன், உப்புதான்.