ஃபைப்ராய்டுன்னு சொல்லிட்டாங்க, ஆனா டாக்டருக்கு ஒரு டவுட்டு இருக்கா? எம்ஆர்ஐக்கு போறதுக்கு முன்னாடி இத படிங்க

கர்ப்பப்பைல கட்டின்னு அல்ட்ராசவுண்ட்ல வந்தா கிட்டத்தட்ட எல்லாருக்குமே அது சாதாரண ஃபைப்ராய்டு, அதாவது தசைக்கட்டி தான், கேன்சர் கிடையாது. அத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இத படிக்கற பாதி பேர் கைல ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு தூக்கம் இல்லாம இருப்பீங்க. ஆனா ரொம்ப அபூர்வமா, ஃபைப்ராய்டு மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு லியோமயோசார்கோமான்னு (சுருக்கமா சார்கோமா) ஒரு கேன்சர் கர்ப்பப்பை தசைக்குள்ள வளரும். அல்ட்ராசவுண்ட்ல ரெண்டையும் பிரிச்சு பாக்கறது ரொம்ப கஷ்டம். டி அண்ட் சி பண்ணி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாலும் பல நேரம் தப்பிச்சுடும், ஏன்னா கட்டி இருக்கறது உள் ஜவ்வுல இல்ல, தசைக்குள்ள. ஆபரேஷனுக்கு முன்னாடி கொஞ்சமாவது உருப்படியா துப்பு குடுக்கறது எம்ஆர்ஐ தான்.

முன்னாடியே தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு கேக்கலாம். நிறைய ஆகும். லேப்ராஸ்கோபில, அதாவது வயித்துல சின்ன ஓட்ட போட்டு பண்ற ஆபரேஷன்ல, பெரிய கட்டிய வெளிய எடுக்க மார்செலேட்டர்னு ஒரு மெஷின வச்சு உள்ளயே துண்டு துண்டா அரைச்சு எடுப்பாங்க, சாதாரண ஃபைப்ராய்டுன்னா சீக்கிரம் வீட்டுக்கு போயிடலாம், ஆனா அது சார்கோமாவா இருந்துட்டா கேன்சர் செல் வயிறு பூரா சிதறிடும். 2014ல அமெரிக்காவோட மருந்து, மருத்துவ கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு. ஃபைப்ராய்டுன்னு நெனச்சு ஆபரேஷன் பண்ற பெண்கள்ல ஏறக்குறைய 350ல ஒருத்தருக்கு தெரியாத சார்கோமா இருக்கலாம்னு அப்ப கணக்கு சொன்னாங்க. அந்த நம்பர் அதிகம்னு வாதாடற டாக்டர்களும் இருக்காங்க, ஆனா அந்த ஒருத்தருக்கு நடக்கறது ரொம்ப பெரிய நஷ்டம்.

அதுக்காக ஃபைப்ராய்டு இருக்கற எல்லாரும் எம்ஆர்ஐக்கு ஓட வேண்டாம். மெனோபாஸ் முடிஞ்சப்புறமும் கட்டி வளருது (ஹார்மோன் மாத்திரை எதுவும் எடுக்காதப்ப அது சுருங்கத்தான் செய்யணும்), பீரியட்ஸ் நின்னவங்களுக்கு திரும்ப ரத்தம் படுது, மார்பக கேன்சருக்கு டமாக்சிஃபென் மாத்திரை வருஷக்கணக்கா சாப்ட்டிருக்காங்க, இடுப்பு பகுதில முன்னாடி ரேடியேஷன் குடுத்திருக்காங்க, இல்ல ஸ்கேன்லயே கட்டி ஒரு மாதிரி ஒழுங்கில்லாம தெரியுதுன்னு ரேடியாலஜிஸ்ட் எழுதியிருக்காரு, இதுல ஏதாவது இருந்தா நீங்களே டாக்டர்ட்ட கேளுங்க. வயசு கம்மியா இருக்கறவங்களுக்கு கட்டி வேகமா வளருதுங்கறத மட்டும் வச்சு கேன்சர்னு முடிவு பண்ண முடியாது, அதுல பெரும்பாலானது சாதாரண ஃபைப்ராய்டாத்தான் வருது.

இப்ப நான் ரொம்ப அழுத்தி சொல்ல வர்ற விஷயம், ரெக்வெஸ்ட் ஸ்லிப்பு. டாக்டர் எழுதி குடுக்கற அந்த சின்ன சீட்டுல "ஃபைப்ராய்டு, எம்ஆர்ஐ பெல்விஸ்"னு மட்டும் இருந்தா சென்டர்ல கட்டி எத்தன, எங்க, எவ்ளோ பெருசுன்னு பாக்கற சாதாரண ஸ்கேன எடுத்து முடிச்சுடுவாங்க, அவங்க மேல தப்பு இல்ல, கேட்டது அவ்ளோதான். "சார்கோமா சந்தேகம், டிஃப்யூஷனும் கான்ட்ராஸ்ட்டும் சேத்து எடுக்கவும்"னு எழுதி வாங்குங்க (டிஃப்யூஷன்னா செல்லுங்க நடுவுல தண்ணி எப்படி நகருதுன்னு காட்டற படம், கான்ட்ராஸ்ட்னா கட்டி தெளிவா தெரிய நரம்புல போடற மருந்து), வயசு, மெனோபாஸ் ஆச்சா, என்ன மாத்திரை சாப்பிடறீங்க, இதெல்லாமும் அதுலயே இருக்கணும். பழைய ஸ்கேன் ரிப்போர்ட், பிலிம், சிடி எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க. ஆறு மாசம் முன்னாடி எவ்ளோ இருந்துச்சுன்னு பக்கத்துல வச்சு பாத்தாதான் வளர்ச்சி தெரியும்.

போற அன்னிக்கு நாலு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்ட நிறுத்த சொல்லுவாங்க, குடல் அசைஞ்சுக்கிட்டே இருந்தா படம் கலங்கிடும். அதுக்காக பஸ்கோபான் ஊசியும் போடுவாங்க, கண் பிரஷர் இல்ல ஹார்ட் பிரச்சனை இருந்தா போடறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. யூரின் முழுசா ரொம்பியும் இருக்க வேண்டாம், முழுசா காலியாவும் வேண்டாம். கான்ட்ராஸ்ட் ஊசி கடோலினியம், அதுக்கு கிட்னிக்கான கிரியேட்டினின் ரத்த டெஸ்ட் பாத்துக்கறது நல்லது, கிட்னி ரொம்ப வீக்கா இருந்தா போடலாமா வேண்டாமான்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். கர்ப்பமா இருக்க சின்ன சான்ஸ் இருந்தாலும் வெக்கப்படாம சொல்லிடுங்க.

நம்ம ஊர் பெண்களுக்கு ஒரு விஷயம் தனியா சொல்லணும். தாலி தங்கம்தான், காந்தம் இழுக்காது, ஆனா அதுல கோத்து வச்சிருக்கற சேஃப்டி பின் இரும்பு, அது ஆபத்து. மெட்டி, அரைஞாண் கயிறுல இருக்கற தாயத்து, கொண்டை ஊசி, பிளவுஸ் கொக்கி, எல்லாத்தையும் வீட்லயே கழட்டி வச்சுட்டு வந்தா கடைசி நிமிஷ பதட்டம் இருக்காது. தாலிய கழட்ட மாட்டேன்னு அழற அம்மாக்கள் இருப்பாங்க, அவங்கள அதட்டாம, கழட்டிட்டு மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கலாமான்னு ஸ்டாஃப்ட்ட கேட்டுப்பாருங்க, முக்காவாசி இடத்துல ஒத்துக்குவாங்க. பேஸ்மேக்கர், மூளைல கிளிப், காதுல வச்ச மெஷின் இருந்தா ஸ்கேன் ரூம் பக்கத்துல போறதுக்கு முன்னாடியே சொல்லணும். காப்பர் டி பொதுவா பிரச்சனை இல்ல, ஆனாலும் சொல்லிடுங்க. உள்ள அரை மணி நேரத்துலேருந்து முக்கால் மணி நேரம் வரைக்கும் படுக்கணும், சத்தம் தடதடன்னு பயங்கரமா இருக்கும், காதுக்கு பஞ்சோ ஹெட்ஃபோனோ கேட்டு வாங்கிக்குங்க, கைல பெல் குடுப்பாங்க, மூச்சு முட்டற மாதிரி இருந்தா அழுத்தலாம்.

ரிப்போர்ட் வந்ததும் என்ன பாக்கறது? டி2ன்னு சொல்ற ஒரு வகை எம்ஆர்ஐ படத்துல சாதாரண ஃபைப்ராய்டு கருப்பா இருக்கும், சார்கோமா பெரும்பாலும் கொஞ்சம் வெளுப்பாவோ கலப்படமாவோ தெரியும். அடுத்து டிஃப்யூஷன், இதுதான் முக்கியம். கேன்சர்ல செல்லுங்க காலைல எட்டரை மணி டவுன் பஸ் மாதிரி நெருக்கியடிச்சு நிக்கும், நடுவுல தண்ணி நகர முடியாது, அதனால டிஃப்யூஷன் படத்துல பளிச்சுன்னும், அந்த தண்ணி நகர்வ அளந்து காட்டற ஏடிசி படத்துல கருப்பாவும் வரும். ரெண்டும் சேந்து வந்தாத்தான் சந்தேகம், டிஃப்யூஷன்ல பளிச்சுன்னு இருந்து ஏடிசிலயும் வெளுப்பா இருந்தா அது பெரும்பாலும் உள்ள தேங்கின தண்ணி பண்ற வேல. ஏடிசி 0.9க்கு கீழ இருந்தா உஷாராகணும்னு ஆராய்ச்சில சொல்றாங்க, ஆனா மெஷினுக்கு மெஷின் மாறும், அந்த ஒரு நம்பர மட்டும் பிடிச்சுக்கிட்டு பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம். இது போக ஓரம் மேடும் பள்ளமுமா இருக்கறது, டி1ங்கற இன்னொரு வகை படத்துல கட்டிக்குள்ள தெரியற ரத்தக்கசிவு, நடுவுல கான்ட்ராஸ்ட் ஏறாத செத்துப்போன பகுதி, பெருத்த நெறிக்கட்டி, வயித்து ஜவ்வுல சின்ன சின்ன கட்டி, இதெல்லாம் ரிப்போர்ட்ல இருக்கான்னு தேடுங்க. டிஃப்யூஷன், ஏடிசிங்கற வார்த்தையே ரிப்போர்ட்ல இல்லன்னா ரேடியாலஜிஸ்ட்ட நேரா போய் கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

எம்ஆர்ஐ சந்தேகத்ததான் சொல்லும், தீர்ப்பு சொல்லாது. அழுகின ஃபைப்ராய்டு, செல் அதிகமா இருக்கற ஃபைப்ராய்டு ரெண்டும் சார்கோமா மாதிரியே ஏமாத்தும், சார்கோமாவும் சில நேரம் சாதுவா தெரியும். சில டாக்டருங்க எல்டிஎச்ங்கற என்சைம் எவ்ளோ இருக்குன்னு ரத்த டெஸ்ட்டும் சேத்து பாப்பாங்க. உறுதியா சொல்றது ஆபரேஷன்ல எடுத்தத மைக்ராஸ்கோப்ல பாக்கற பேத்தாலஜி தான். சந்தேகம் பலமா இருந்தா இந்த கேன்சர் நுரையீரலுக்கு போற பழக்கம் உள்ளதால நெஞ்சுக்கு சிடி எடுப்பாங்க.

 

செலவு நினைச்சு தள்ளிப்போடாதீங்க. தமிழ்நாட்டுல அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல எம்ஆர்ஐ இருக்கு, தனியார விட கட்டணம் ரொம்ப கம்மி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா உங்க கேஸுக்கு செல்லுமான்னு அங்கயே கேளுங்க. ரிப்போர்ட் சந்தேகமா வந்தா சாதாரண லேடி டாக்டர்ட்டயே ஆபரேஷன முடிச்சுக்காம அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சிஎம்சி மாதிரி பெண்கள் கேன்சருக்குன்னே சர்ஜன் இருக்கற இடத்துல சிடிய காட்டுங்க. பேப்பர் ரிப்போர்ட் மட்டும் போதாது, அவங்க படத்த திரும்ப பாக்கணும்.

எங்க ஆபரேஷன் பண்ணினாலும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி சர்ஜன்ட்ட ரெண்டு கேள்வி கேட்டுடுங்க: கட்டிய முழுசா எடுப்பீங்களா இல்ல துண்டாக்கியா, துண்டாக்கினா செல் சிதறாம இருக்க தனியா ஒரு பைக்குள்ள போட்டு பண்ணுவீங்களா? 50 வயசு தாண்டினவங்களுக்கும் மெனோபாஸ் ஆனவங்களுக்கும் அந்த மார்செலேட்டர் மெஷினே வேண்டாம்னுதான் எஃப்டிஏவும் சொல்லுது.