பின்னாலிருந்து வண்டி இடித்தால்: ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லும் வழி

மதுரையில் மோட்டார் விபத்து வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் நான் குமாஸ்தா. எங்கள் ஆபீஸுக்கு வரும் கேஸ் கட்டுகளில் நிறைய ஒரே ரகம். சிக்னலிலோ ஸ்பீட் பிரேக்கரிலோ பைக் நின்றிருக்கும், பின்னால் வந்த வண்டி இடித்திருக்கும். தப்பு யார்மேல் என்பதில் பெரிய குழப்பம் இருக்காது. முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவே போதிய இடைவெளி விட வேண்டியது பின்னால் வருபவரின் கடமை என்று சாலை விதியே சொல்கிறது. அப்படியிருந்தும் பலருக்கு வர வேண்டிய பணம் வராது. ரோட்டிலேயே சமாதானம் பேசி வீட்டுக்குப் போயிருப்பார்கள், கையில் ஒரு காகிதம் இருக்காது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட சூட்டில் வலி தெரியாது. உடம்பில் என்ன ஆகியிருக்கிறது என்று தெரிவதற்கு முன்னால் "சரி, போங்க" என்று யாரையும் அனுப்பிவிடாதீர்கள்.

என் அக்காவும் மச்சானும் காளவாசல் சிக்னலில் நின்றபோது ஒரு குட்டியானை, அதாவது சின்ன சரக்கு வண்டி, பின்னால் வந்து இடித்தது. டெயில் லைட் உடைந்தது, நம்பர் பிளேட் மடங்கியது. இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஓட்டி வந்த பையன் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, லைட்டு கண்ணாடிதாண்ணே போச்சு. இந்தாங்க, ரெண்டாயிரம் வச்சுக்கங்க. ஸ்டேஷனுக்குப் போனா எம் பொழப்பு கெட்டுரும்ணே." மச்சான் பணத்தை வாங்கவில்லை. எனக்கு போன் போட்டார். மறுநாள் காலையில் அக்காவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் வால் எலும்பில் முறிவு. பின்னாலிருந்து வரும் இடியை முதலில் வாங்குவது பின் சீட்டில் இருப்பவர்தான். அதனால் விழுந்ததும் முதலில் அவரைப் பாருங்கள்.

கழுத்தில் வலி இருந்தால் ஹெல்மெட்டை அவசரமாகக் கழற்ற வேண்டாம், அக்கம்பக்கத்தார் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தவும் விட வேண்டாம். படுத்தபடியே இருக்கட்டும், 108-க்குச் சொல்லுங்கள். கை கால் மரத்துப் போவது, வாந்தி, தலைவலியோடு மயக்கம், சிறுநீர் போக முடியாமை, இதில் எது இருந்தாலும் போட்டோ, போலீஸ் எல்லாம் அப்புறம், ஆஸ்பத்திரிதான் முதலில். செலவை நினைத்துத் தயங்கவே தயங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும் கூட உண்டு.

நிற்க முடிகிற நிலைமை என்றால், வண்டிகளை ஓரங்கட்டும் முன்பு போனை எடுங்கள். இரண்டு வண்டியும் இடித்த நிலையிலேயே தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒரு படம். அவருடைய நம்பர் பிளேட். அவர் வண்டியின் முன்பக்கத்தில் எங்கே நசுங்கியிருக்கிறது, உங்கள் வண்டியின் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று கிட்டத்தில் ஒன்று. ரோட்டில் கிடக்கும் டெயில் லைட் சில்லு, டயர் தேய்ந்த தடம், சிக்னல் கம்பம், இவையும் வேண்டும். "அவர்தான் திடீர்னு பிரேக் போட்டார், பின்னால லைட்டே எரியல" என்று பிற்பாடு எதிர்த்தரப்பு சொல்லும். நீங்கள் சிக்னலில் நின்றிருந்தீர்கள் என்பதைக் காட்டும் ஒரு படம் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தும்.

லைசென்ஸைப் படம் எடுங்கள். போன் நம்பர் வாங்கினால் அவர் எதிரிலேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்து, அவர் போன் அடிக்கிறதா என்று பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டும், அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவு மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும், கொஞ்ச நாள் போனால் எதுவும் மிஞ்சாது.

இனி ஆஸ்பத்திரி. என் வேலையில் நான் பார்த்தவரை, வழக்கு வலுப்பதும் கெடுவதும் இங்கேதான்.

அரசு ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர் என்ற ஒரு பதிவேட்டில் எழுதுவார். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்போம். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது, யார் கூட்டி வந்தார் என்று நீங்கள் சொல்வது அதில் ஏறும். நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் "வண்டியிலேருந்து விழுந்துட்டேன் சார்" என்பார்கள். அவர் அப்படியே எழுதிவிடுவார். பொய்யும் இல்லை, விழுந்தது நிஜம்தான். ஆனால் பிறகு கோர்ட்டில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இவர் தானாக விழுந்தவர், எங்கள் வண்டி இடிக்கவே இல்லை" என்பார். அதை உடைக்க சாட்சி, கேமரா, டாக்டர் என்று அலைய வேண்டும்.

பெரியாஸ்பத்திரிக்கு அக்காவைக் கூட்டிப் போகும்போது நான் மச்சானிடம் சொல்லி அனுப்பிய வாக்கியம் இதுதான்: "நேத்து சாயங்காலம் காளவாசல் சிக்னல்ல பைக்ல நின்னுக்கிட்டு இருந்தோம், பின்னாலேருந்து இந்த நம்பர் குட்டியானை இடிச்சதுல கீழ விழுந்துட்டோம்." நடந்ததை நடந்தபடி, யார் இடித்தார் என்பதோடு சொல்ல வேண்டும். அவ்வளவே. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதையே சொல்லுங்கள், விபத்துக் கேஸ் என்று பதியச் சொல்லுங்கள். வலி எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனையும் சொல்லுங்கள். முழங்கை சிராய்ப்பை மட்டும் காட்டி, கழுத்து வலியைச் சொல்லாமல் வந்தால், பிறகு அந்தக் கழுத்து வலிக்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடும்.

அப்புறம் போலீஸ். இடித்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். வேறு எல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது, எங்கே கொடுத்தாலும் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போதைய சட்டம். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றதற்கான சீட்டு, கொடுப்பார்கள். அதோடு நின்றுவிடாதீர்கள், நஷ்டஈட்டு வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். முக்கியம். பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 281 (தாறுமாறாக ஓட்டுதல்), அதோடு காயத்துக்கு 125 என்று போடுவார்கள். எலும்பு முறிந்தால் சட்டப்படி கொடுங்காயம், பிரிவு 125(பி). எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள்.

வண்டியை உடனே மெக்கானிக்கிடம் விட வேண்டாம். பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், பார்த்து அறிக்கை கொடுக்கும் வரை அப்படியே இருக்கட்டும். உங்கள் இன்சூரன்ஸில் க்ளெய்ம் போடுவதாக இருந்தால் கம்பெனிக்கும் தகவல் சொல்லி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

இதில் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 2018 செப்டம்பர் முதல் புது டூ வீலருக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி பாலிசி (நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் நஷ்டத்துக்கானது) கட்டாயம். பாலிசி பேப்பரில் ஐந்து வருடம் என்று பார்த்ததும் எல்லாமே அதில் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். நம் வண்டிச் சேதத்துக்கான பகுதி, ஓன் டேமேஜ், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் எடுத்திருக்கும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அது உயிரோடு இருந்தால் அதில் க்ளெய்ம் போடுவதுதான் சுலபம், ஆனால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் தருவார்கள் (தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' எடுத்திருந்தால் அந்தக் கழிவு இல்லை), தப்பு நம்முடையதாக இல்லாவிட்டாலும் க்ளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போகும். இடித்தவர் வண்டியின் தேர்டு பார்ட்டி பாலிசியிலிருந்து வாங்க வேண்டுமானால் அந்தக் கம்பெனியின் கவுண்டரில் போய் நின்று பயனில்லை, மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். டெயில் லைட்டுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். யாருக்கும் அடி இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகு, இடித்தவரிடம் ரிப்பேர் செலவை ஜிபேயில் வாங்கிக்கொள்ளலாம். குறிப்பில் 'வண்டிச் சேதத்துக்கு மட்டும்' என்று இருக்கட்டும். 'இனி எந்தப் பாத்தியதையும் கோர மாட்டேன்' என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

மெக்கானிக்கிடம் விடும்போது லைட்டையும் மட்கார்டையும் மாற்றியதோடு அனுப்பிவிடப் பார்ப்பார். சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பக்கவாட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தும் சக்கரம் கோணலாக நின்றால், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் வளைந்திருக்கலாம். சீட்டைக் கழற்றி, சேசிஸின் பின்பகுதியில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இடித்த வேகத்தில் முன்னால் நின்ற வண்டியில் போய் மோதியிருந்தால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் பார்க்க வேண்டும். ஹேண்டில் நேராக இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுப்பது ஃபோர்க் வளைந்ததன் அறிகுறி. ரோட்டில் அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் மட்டும்தான் என்றாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரு தடவை நசுங்கினால் மறுபடி அடியைத் தாங்காது.

நஷ்டஈட்டு மனு, எங்கள் பாஷையில் எம்.சி.ஓ.பி., விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் நடைமுறை. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். மருந்துச் சீட்டு, பில், ஸ்கேன், ஆட்டோவுக்குக் கொடுத்த காசு, லீவு போட்ட நாட்கள், சம்பளச் சான்று எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கும் வருமான இழப்பு உண்டு என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன, "நான் சும்மா வீட்ல இருக்கேன்" என்று அக்கா மாதிரி யாரும் சொல்ல வேண்டாம். வார்டுக்கே வந்து "நான் கேஸ் போட்டுத் தர்றேன்" என்று வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவரிடம் போடாதீர்கள். வக்கீலை நேரில் பார்த்துப் பேசி, ஃபீஸ் என்னவென்று கேட்டுவிட்டு, வழக்கு நடத்த அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

இடித்தவர் நிற்காமல் போய்விட்டால், நம்பரும் கிடைக்கவே இல்லை என்றால், அதற்கும் வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 161-ன் கீழ் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், இறப்புக்கு 2 லட்சம் ரூபாய். இதற்கு கோர்ட் வேண்டாம். விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பம், முடிவெடுப்பது மாவட்ட அளவில். அங்கேயும் முதலில் கேட்பது எஃப்.ஐ.ஆர். நகலும் ஆஸ்பத்திரிக் காகிதமும்தான்.