பேட்டரியும் ரெகுலேட்டரும்: பனிக்காலத்தில் காலை வாரும் தவறுகள்

ஊட்டி, தலைக்குந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். கேரட் தோட்டத்தில் இரவு வெப்பநிலையைப் பதிவு செய்ய பேட்டரியில் ஓடும் சின்ன சர்க்யூட் வைக்கிறோம் என்று வையுங்கள். வீட்டு மேசையில் ஒழுங்காக ஓடியது, பனி விழும் விடியற்காலையில் நின்றுபோகும். பழி சென்சார் மேல் விழும். பெரும்பாலும் கோளாறு ரெகுலேட்டரில்தான், அதாவது பேட்டரி வோல்டேஜை சர்க்யூட்டுக்கு வேண்டிய அளவில் நிலையாகத் தரும் சிப்பில்தான்.

9 வோல்ட் பேட்டரியோடு 7805 ரெகுலேட்டர் போடுவது எல்லாரும் செய்வது. அது 5 வோல்ட் தர, உள்ளே சுமார் 7 வோல்ட் வந்தாக வேண்டும். பேட்டரி அதற்குக் கீழே இறங்கினால், உள்ளே மிச்சம் இருந்தும் பயனில்லை. அதைவிட மோசம், 7805 சும்மா இருக்கவே 5 மில்லிஆம்பியர் அளவுக்குத் தின்னும். 500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 100 மணி நேரம். சென்சார் ஒரு வேலையும் செய்யாமலே நாலு நாளில் காலி.

சரி, லித்தியம் செல்லுக்கு மாறலாம் என்று 3.3 வோல்ட் தரும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் வாங்குவார்கள். உள்ளே வரும் வோல்டேஜுக்கும் வெளியே தரும் வோல்டேஜுக்கும் நடுவே அதற்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் இடைவெளி தேவை. செல்லோ முழு சார்ஜில் 4.2, பெரும்பாலான நேரம் 3.7. கணக்கு தொடக்கத்திலேயே இடிக்கிறது! இடைவெளி குறைவாகவே கேட்கும் எச்டி7333 மாதிரி ஒன்றே இங்கே பொருந்தும். தனக்கென்று சில மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் அதன் வரம்பு 250 மில்லிஆம்பியர். சர்க்யூட்டில் வைஃபை போர்டு இருந்தால், அது ஒரு நொடிக்குள் அந்த வரம்பைத் தாண்டி இழுக்கும். அந்த நேரத்துக்கு மின்சாரம் சேமித்துத் தரும் பெரிய கெப்பாசிட்டரைப் போர்டை ஒட்டி வைக்காவிட்டால் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும்.

ரெகுலேட்டருக்குப் பதில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைப் பிரிப்பதும் உண்டு. அளப்பதற்குச் சரி, சர்க்யூட்டை ஓட்ட உதவாது. லோடு, அதாவது சர்க்யூட் இழுக்கும் மின்சாரம், மாறினால் வோல்டேஜும் மாறும்.

அப்புறம் குளிர். குளிரில் பேட்டரியின் உள்தடை கூடும். லோடு இல்லாமல் மீட்டரில் நன்றாகக் காட்டும் செல், போர்டு இழுத்ததும் சட்டென்று சரியும். அதனால் இரவில் வெளியே வைத்து, போர்டு ஓடும்போதே அளந்து பாருங்கள். சோலார் பேனல் வைத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வெயில் பேனலில் பட்டதும் சார்ஜிங் தொடங்கும், செல் அப்போதும் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கலாம். அந்த நிலையில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். செல்லின் வெப்பநிலையைப் பார்த்து நிறுத்தும் சார்ஜர் போர்டு வாங்குங்கள்.