கொரோனா டைம்ல ஃபேமிலியோட கடலுக்கு போயிட்டு வர்றது எப்படி? சென்னைக்காரங்களுக்கு

2020 மார்ச் 25-ல இருந்து வீட்டுக்குள்ளயே கெடந்தோம், மெரினாவ டிசம்பர் 14 அன்னிக்குத்தான் தொறந்து விட்டாங்க, கடல் பக்கத்துலயே இருந்தும் கிட்டத்தட்ட ஒன்பது மாசம் கால் நனைக்க முடியல. 2021 பிப்ரவரில கடலுக்கு போக முடிஞ்சுது, ஆனா கொரோனா இன்னும் போயிருக்கல. அதனால வயசானவங்க, குழந்தைங்க எல்லாரையும் கூட்டிட்டு எப்படி பத்திரமா போறதுன்னு நாங்க அப்போ பண்ணினத அப்படியே சொல்றேன்.

சனி ஞாயிறு வேணவே வேணாம். ஒரு செவ்வாயோ புதனோ லீவு போடுங்க, கிளாஸ் ஒரு நாள் போனா குடி ஒண்ணும் முழுகிடாது. காலைல அஞ்சு மணிக்கு கெளம்பிடுங்க. நம்மளுது கெழக்கு கடல், சூரியன் தண்ணிக்குள்ள இருந்து எழும்பி வர்றத பாக்க குடுத்து வச்சிருக்கணும், பிப்ரவரில ஆறரை வாக்குல உதிக்கும், எட்டரைக்கு மேல வெயிலும் ஏறும் கூட்டமும் ஏறும், அதுக்குள்ள திரும்பிடலாம். கார்ல ஏசி போடாதீங்க, கண்ணாடிய எறக்கி விடுங்க. மூடின எடத்துலதான் இது சீக்கிரம் பரவுது, தொறந்த வெளில காத்தே பாதி காவல்.

எங்க போறது? மெரினாவுல மணல் அகலம், ரோட்ட விட்டு தள்ளி உள்ள நடந்துட்டா பக்கத்துல ஆளே இருக்காது. பெசன்ட் நகர்ல வாக்கிங் கூட்டம் சாஸ்தி. எனக்கு புடிச்சது நீலாங்கரை, பனையூர் பக்கம் ஈசிஆர்ல (கிழக்கு கடற்கரை சாலைல) இருந்து கடலுக்கு எறங்கற சின்ன தெருக்கள்தான். கொஞ்சம் தூரம் போகலாம்னா கோவளம், இன்னும் போனா மாமல்லபுரம், சிட்டில இருந்து 55, 60 கிலோமீட்டர் வரும். ஒரு ராத்திரி தங்கணும்னா ஜன்னல தொறந்தா கடக்காத்து வர்ற மாதிரி ரூம் இருக்கான்னு போன்லயே கேட்டுக்கங்க, பஃபே பக்கம் போகாம ரூமுக்கே சாப்பாடு வர வைங்க.

சாப்பாடு வீட்ல இருந்துதான். பொடி தடவின இட்லி, புளிசாதம், ஃப்ளாஸ்க்ல காபி, ஆளாளுக்கு தனி தட்டு, தனி டம்ளர். மாஸ்க் எக்ஸ்ட்ரா எடுத்துக்கங்க, ஒரு அலை தெறிச்சா நனைஞ்சிடும், நனைஞ்ச மாஸ்க்கால பிரயோஜனம் இல்ல. முட்டி வலி இருக்கற பெரியவங்களுக்கு மடக்கற சேர் ஒண்ணு, அவங்கள நடக்க வைக்கறதுன்னா காஞ்ச மணல்ல வேணாம், அலை வந்து போன ஈர மணல் கெட்டியா இருக்கும், அதுல கூட்டிட்டு போங்க.

தண்ணி விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. நம்ம கடற்கரை பாக்க சாதுவா இருக்கும், ஆனா இழுப்பு ஜாஸ்தி. ரெண்டு பக்கமும் அலை ஒடைஞ்சு நடுவுல மட்டும் ஒடையாம அமைதியா இருக்கே, அங்க எறங்கலாம்னு தோணும், பல சமயம் அதுதான் உள்ள இழுத்துட்டு போற எடம். குப்பத்துல வலை சரி பண்ணிட்டு இருக்கற அண்ணன்கிட்ட "அண்ணே இங்க கால் நனைக்கலாமா"ன்னு கேளுங்க, அவர் வேணாம்னா வேணாம்தான். முட்டிக்கு மேல யாரும் போக வேணாம், குழந்தைங்க கைய விடவே விடாதீங்க. யாராவது மாட்டிட்டா கரைய பாத்து எதிர்த்து நீந்தக்கூடாது, கரைக்கு பக்கவாட்டுல நீந்தி இழுப்ப விட்டு வெளிய வந்துட்டு அப்புறம் கரைக்கு திரும்பணும், இத வீட்லயே எல்லாருக்கும் சொல்லி குடுத்துடுங்க.

இனி நான் முக்கியமா சொல்ல வந்தது. செல்போன் எல்லாத்தையும் ஒரு பைல போட்டு கட்டி வைங்க, ஒரே ஒரு போட்டோ போதும். அம்மா பொடவை கொசுவத்த கொஞ்சம் தூக்கி புடிச்சிட்டு, இன்னொரு கையால என் தோள அழுத்தி புடிச்சிட்டு நிப்பாங்க, அலை திரும்பறப்போ குதிகாலுக்கு கீழ மணல் சரியும், "டேய் இழுக்குதுடா"ன்னு சின்னப்புள்ளயா சிரிப்பாங்க. இத போட்டோ எடுக்க போனா புடிச்சிருக்கற தோள் போயிடும். லாக்டவுன்ல வீட்ல ஒருத்தருக்கொருத்தர் எவ்ளோ செஞ்சிருக்கோம், அத எப்பவாச்சும் வாய் விட்டு சொல்லியிருக்கோமா? அங்க உக்காந்து சொல்லுங்க. பொதுவா சொல்லாதீங்க, "தெனமும் மொகம் சுளிக்காம கபசுர குடிநீர் காய்ச்சி குடுத்தியே", "நாங்க யாரும் வெளிய போகக்கூடாதுன்னு நீங்களே போய் காய்கறி வாங்கிட்டு வந்தீங்களேப்பா"ன்னு செஞ்ச காரியத்த சொல்லி சொல்லுங்க. அப்பா கடலையே பாத்துட்டு இருப்பாரு, பதில் சொல்ல மாட்டாரு, பரவால்ல, அவருக்கு கேட்டிருக்கும். வீட்ல யாரையாவது பறி கொடுத்தவங்களா இருந்தா அவங்கள பேச வைக்காதீங்க, பக்கத்துல உக்காந்திருங்க, அவங்களா பேசினா கேளுங்க.

ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் ராத்திரில பங்குனி ஆமைங்க முட்டையிட கரைக்கு வரும். பாத்தீங்கன்னா டார்ச் அடிக்காதீங்க, கிட்ட போகாதீங்க, கொண்டு போன கவர், பாட்டில் எல்லாம் திரும்ப எடுத்துட்டு வந்துடுங்க.

காலைல எழுந்திருக்கவே முடியாதுங்கற வீடுன்னா பௌர்ணமி சாயந்திரம் போங்க, இருட்டற நேரத்துல நெலா கடல்ல இருந்து மேல வரும். மாசி மாச பௌர்ணமின்னா அதையொட்டி மாசி மகம் வர்றதால தீர்த்தவாரி கூட்டம் இருக்கும், வயசானவங்கள அன்னிக்கு கூட்டிட்டு போகாதீங்க, ஒரு ரெண்டு நாள் கழிச்சு போங்க, நெலா கொஞ்சம் லேட்டா வரும், ஆனா எடம் நிம்மதியா இருக்கும்.