பயாலஜி டிகிரி சேர்ந்திருக்கற வேலூர் பசங்களுக்கு

நீட் போச்சு, சரி பாட்டனியாவது படிப்போம்னு சேர்ந்தவன் தான் நானும், மொதல் செமஸ்டர் பூரா மூஞ்ச தூக்கி வெச்சிட்டு கடைசி பெஞ்ச்ல உக்காந்து இன்டர்னல்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்புறம் கத்துகிட்டத சொல்றேன் பா.

தமிழ் மீடியம்ல இருந்து வந்தா மொதல் அடி இங்கிலீஷ் தான். பதினொண்ணு பன்னெண்டாவது கவர்மென்ட் புக்க எடைக்கு போட்டுடாதீங்க, அதே புக் இங்கிலீஷ்ல பிடிஎஃப்பா ஃப்ரீயா கெடைக்குது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தொறந்து வெச்சி படிங்க, புல்லிவட்டம் தான் கேலிக்ஸ்னு தானா ஒட்டிக்கும்.

டாக்ஸானமிக்கு, அதான் செடிய குடும்பம் குடும்பமா பிரிக்கற பாடத்துக்கு, மார்க்கெட்டே லேப். நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா, 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அத ஒண்ணு கைல எடுங்க. கைய குத்துதே பச்ச தொப்பி, அதான் கேலிக்ஸ், பூ காயான பிறகும் உதிராம ஒட்டிட்டே இருக்கு. செடி கெடச்சா பூவையும் பிரிச்சி பாருங்க, அஞ்சு அல்லி இதழ் ஒண்ணா சேர்ந்திருக்கும், அது மேலயே அஞ்சு மகரந்தத்தாளும் ஒட்டியிருக்கும். சொலனேசி, அதான் கத்திரிக்கா குடும்பம், இவ்ளோதான். அப்டியே ரோட்டோர ஊமத்தங்காய பாத்தா கேலிக்ஸ் உதிர்ந்து அடில மட்டும் கொஞ்சம் பாவாட மாதிரி மிஞ்சியிருக்கும் (கைய கழுவிடுங்க, விஷம்). அமிர்தி டிரிப் கூட்டிட்டு போனாலும் இதே மாதிரி தான் பாக்கணும், செல்ஃபி அப்புறம்.

ப்ராக்டிகல்ல எல்லாரும் மாட்றது வெங்காய வேர் மைட்டாசிஸ், அதாவது ஒரு செல் ரெண்டா பிரியறத வேர் நுனில பாக்கறது. டம்ளர் வாய்ல வெங்காயத்த உக்கார வெச்சி அடி மட்டும் தண்ணில படுற மாதிரி விடுங்க, மூணு நாலு நாள்ல வேர் வந்துடும், தண்ணிய தெனம் மாத்துங்க, நம்ம ஊர் வெயிலுக்கு நாறிடும். காலைல நுனிய வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் ஆசிட் மூணு பங்கு ஆல்கஹால் கலந்ததுல போட்டுடணும். அப்புறம் லேசான ஹெச்.சி.எல். ஆசிட்ல வெச்சி சூடு காட்டி, அசிட்டோகார்மைன் சாயம் ஏத்தி, கடைசி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மட்டும் வெச்சிட்டு மீதிய தூக்கி போடுங்க, செல் பிரியறது அங்க தான். நான் முழு வேரையும் நசுக்கிட்டு ஒரு மணி நேரம் செங்கல் சுவர் மாதிரி செல்லா பாத்துட்டு இருந்தேன், ஒண்ணு கூட பிரியல. கவர்ஸ்லிப் மேல ஃபில்டர் பேப்பர் வெச்சி கட்டவிரலால நேரா அழுத்துங்க, பக்கவாட்டுல நகந்துச்சோ எல்லாம் சுருண்டுக்கும். ஸ்லைடு நல்லா வந்தா 16 குரோமோசோமும் எண்ணலாம்.

ரெக்கார்ட மட்டும் சீனியர் நோட்ட பாத்து போடாதீங்க. நான் மெட்டாஃபேஸ்ல, அதான் குரோமோசோம் நடுவுல வரிசையா நிக்கற கட்டத்துல, அத இழுக்கற ஸ்பிண்டில் நாரெல்லாம் அழகா கோடு போட்டு வெச்சிருந்தேன், வைவால வெளி காலேஜ்ல இருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மைக்ராஸ்கோப்ப என் பக்கம் தள்ளி, எங்கபா இருக்கு காட்டுன்னாரு. கார்மைன்ல குரோமோசோம் தான் சாயம் புடிக்கும், ஸ்பிண்டில் தெரியவே தெரியாது.