வெளிநாட்டுப் பயண பட்ஜெட்: வேலூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியிலிருந்தோ குடியாத்தத்திலிருந்தோ மலேசியா, சிங்கப்பூர் கிளம்பும் குடும்பங்கள் பலவும் டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு என்று மூன்று வரியில் கணக்கை முடித்துவிடுகின்றன. அந்த மூன்றிலும் பெரிய பிசகு வருவதில்லை, விலை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கையை மீறிப் போவதெல்லாம் அவற்றுக்கு நடுவே இருக்கும் செலவுகள்தான். எனவே கணக்கை விமானத்தில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டு வாசலில் ஆரம்பித்து, திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும் வரை எழுதுங்கள்.

விமான நிலையம் வரை போகும் செலவு

வேலூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 135 கிலோமீட்டர். வாடகைக் கார் என்றால் கிலோமீட்டர் வாடகையோடு வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடிக் கட்டணம், டிரைவர் பேட்டா, விமான நிலைய பார்க்கிங் எல்லாம் சேரும். காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் பணம் வாங்குகிறார்களா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில், அங்கிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ என்று போனால் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் மெட்ரோ இரவு முழுக்க ஓடாது. நள்ளிரவு விமானத்துக்குச் சாயங்கால ரயிலில் போய்விடலாம். விடியற்காலை இரண்டு மணிக்கு வந்து இறங்கினால் கார்தான். ஆகவே போகும் செலவை இரண்டால் பெருக்கிப் போடாமல், போகவும் வரவும் தனித்தனியாக எழுதுங்கள்.

பெங்களூரிலிருந்து டிக்கெட் மலிவு என்று அங்கே பதிவு செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. வேலூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். கூடுதல் தூரத்துக்கான கார் செலவை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். டிக்கெட்டில் ஒருவருக்கு மிச்சமாகும் தொகை அதைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே அது லாபம்.

மலிவு விமான டிக்கெட் பலவற்றில் 7 கிலோ கைப்பை மட்டும்தான். பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். அதை டிக்கெட்டோடு சேர்த்து வாங்கினால் ஒரு விலை, கவுன்டரில் போய் வாங்கினால் பல மடங்கு. போகும்போது பெட்டி லேசாக இருக்கும், வரும்போது சாக்லேட்டும் தைலமும் சேர்ந்துவிடும். திரும்பும் டிக்கெட்டுக்காவது எடையை முன்பே வாங்கிவிடுவதுதான் சரி.

இரவுகளை எண்ணுவதில் பிழை

"நாலு பகல், மூணு இரவு" என்ற கணக்கு விமான நேரத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. சென்னையில் நள்ளிரவு ஏறினால் கோலாலம்பூரில் காலை ஏழு மணிக்கெல்லாம் இறங்கிவிடுவீர்கள். அறையோ பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். வயதானவர்கள் கூட இருந்தால் முன்கூட்டியே அறை எடுக்கக் கூடுதல் கட்டணமோ, முந்தின இரவுக்கான வாடகையோ பட்ஜெட்டில் இருக்க வேண்டும். இளைஞர்கள் மட்டும் என்றால் பெட்டியை ஹோட்டலில் வைத்துவிட்டுச் சுற்றலாம். பெரும்பாலான ஹோட்டல்களில் அதற்குக் காசு இல்லை.

அறை வாடகையை இணையத்தில் முழுதாகக் கட்டியிருந்தாலும் மலேசியாவில் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இதைப் பெரும்பாலும் ஹோட்டல் கவுன்டரில் வாங்குவார்கள். இரண்டு அறை, ஐந்து இரவு என்றால் 100 ரிங்கிட். இதோடு சில ஹோட்டல்கள் டெபாசிட்டும் கேட்கும். அது திரும்பி வரும் பணம்தான், ஆனால் காலி செய்யும் வரை உங்கள் கையில் இருக்காது.

பணத்தை மாற்றுவதில்தான் அதிகம் கரைகிறது

இணையத்தில் காட்டும் மாற்று விகிதத்தை வைத்து பட்ஜெட் போடுவதுதான் மிகப் பரவலான தவறு. அது வங்கிகளுக்கு இடையே நடக்கும் நடுவிகிதம். அந்த விலைக்கு யாரும் உங்களுக்கு நோட்டு விற்க மாட்டார்கள். உதாரணத்துக்கு, இணையம் ஒரு ரிங்கிட் 20 ரூபாய் என்கிறது, கடைக்காரர் 21 ரூபாய்க்குக் கொடுக்கிறார் என்று வையுங்கள். 2,500 ரிங்கிட்டுக்கு நீங்கள் எழுதி வைத்தது 50,000 ரூபாய். கட்ட வேண்டியது 52,500. இதற்கு ஜி.எஸ்.டி. சுமார் 95 ரூபாய்தான். வரியைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு விகித வித்தியாசத்தைக் கவனியுங்கள். கடைகளை ஒப்பிட ஒரே வழிதான் உண்டு: எல்லாக் கட்டணமும் சேர்த்துக் கையிலிருந்து போகும் ரூபாயை, கைக்கு வரும் ரிங்கிட்டால் வகுங்கள். வரும் எண் எங்கே குறைவோ அங்கே வாங்குங்கள்.

வேலூரில் சி.எம்.சி.க்கு வெளிநாட்டு நோயாளிகள் வருவதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பணம் மாற்றும் கடைகள் உண்டு. ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கடையா என்று பாருங்கள், ரசீது வாங்குங்கள். விமான நிலைய கவுன்டரைக் கடைசி வழியாக வையுங்கள், விகிதம் அங்கேதான் மோசம். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கும்போது ரொக்கமாகக் கொடுக்க முடியாது, வங்கிக் கணக்கு வழியாகத்தான் கட்ட வேண்டும்.

கார்டிலும் கழிவு உண்டு. பல கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கும், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இரண்டும் சேர்ந்து 4.13 சதவீதம், 50,000 ரூபாய் செலவழித்தால் 2,065 ரூபாய் கூடுதல். கடையில் கார்டைத் தேய்க்கும்போது "ரூபாயிலா, ரிங்கிட்டிலா?" என்று கருவி கேட்டால் எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த விகிதத்தில் கழிவு போகும், சில கார்டுகளில் வங்கியின் கட்டணமும் அதன்மேல் விழும். வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில் டாலரை ஏற்றி மலேசியாவில் பயன்படுத்தினால் இரண்டு முறை மாற்றம் நடக்கிறது, எனவே போகும் நாட்டுப் பணத்தையே ஏற்றுங்கள். ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் தனிக் கட்டணம். தாய்லாந்தில் பெரும்பாலான ஏ.டி.எம்.களில் ஒரு தடவைக்கு 220 பாட்டுக்குக் குறையாது. கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள்.

மெனு விலை வேறு, பில் தொகை வேறு

சிங்கப்பூர் உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும் என்று பொருள். 15 டாலர் சாப்பாடு பில்லில் 17.99 ஆகிவிடும். நான்கு பேர், ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று பெருக்கிப் பாருங்கள், துண்டு விழும் தொகை தெரியும். ஹாக்கர் சென்டர் என்ற மலிவு உணவுக் கூடங்களின் கடைகளில் இந்தச் சேர்க்கை இல்லை. ஒரு வேளை அங்கே என்று திட்டமிட்டாலே பெரிய நிம்மதி.

நான்கு பேருக்கு நான்கு பெட்டி இருந்தால் செயலியில் கூப்பிடும் சாதாரண கிராப் வாடகைக் காரில் அடங்காது. ஆறு பேர் வண்டிக்கான விலையைத்தான் எழுத வேண்டும்.

பேக்கேஜ், விசா, வரி

டிராவல்ஸ் விளம்பரத்தில் போடும் விலை, ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகப் போகிறவருக்கும், மூன்றாவது ஆளுக்கும், படுக்கை தேவைப்படும் குழந்தைக்கும் விலை மாறும். இதோடு டி.சி.எஸ். என்ற வருமான வரிப் பிடித்தமும் உண்டு. 2023 அக்டோபரிலிருந்து 5 சதவீதம், வரம்புக்கு மேல் 20 சதவீதம் என்று இருந்தது. மத்திய அரசின் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் பதிவு செய்யும் நாளின் விகிதத்தைக் கேளுங்கள். இது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் மாதக்கணக்கில் முடங்கும். வீட்டில் வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர் யாரோ அவருடைய பான் எண்ணில் பில் போடச் சொல்லுங்கள். அம்மாவின் பெயரில் போட்டுவிட்டால், அதைத் திரும்பப் பெறுவதற்காகவே அவரும் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். டிக்கெட் மட்டும் தனியாக வாங்கினால் இந்தப் பிடித்தம் இல்லை.

சிங்கப்பூர் விசாவுக்கு ஒருவருக்கு 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் வராது, அதனால் விசா கைக்கு வரும் வரை ரத்து செய்ய முடியாத அறையைப் பதிவு செய்யாதீர்கள். மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றிலும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம் முழுக்க இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் அது அரசுத் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள்.

காப்பீட்டில் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது ஆபத்தான சிக்கனம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெற்றோர் வருகிறார்கள் என்றால் அதைச் சொல்லியே பாலிசி எடுங்கள். மறைத்து எடுத்த பாலிசி தேவைப்படும் நாளில் உதவாது.

மொத்தத் தொகையில் 10 முதல் 15 சதவீதத்தை அவசரத்துக்கு ஒதுக்கி, வேறொருவர் பையில், வேறு கார்டில் வையுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே திறந்து வையுங்கள். ஓ.டி.பி. வரும் இந்திய சிம்மில் ரோமிங் இயங்குகிறதா என்றும் பாருங்கள். மிஞ்சும் நோட்டை இங்கே மாற்றினால் வாங்கிய விலை கிடைக்காது, நாணயங்களை யாரும் வாங்கவே மாட்டார்கள். கடைசி நாள் சாப்பாட்டுக்கும் விமான நிலைய ரயிலுக்கும் முதலில் சில்லறையைக் கொடுங்கள். மீனம்பாக்கத்திலிருந்து வீடு வர வேண்டிய கார் வாடகையை ரூபாயாகத் தனி உறையில் போட்டு, கிளம்பும் நாளிலேயே பாஸ்போர்ட் பையில் வைத்துவிடுங்கள்.