பழுதான காருக்கு நஷ்டஈடு கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளம் மதிப்பீட்டாளர் தன் அறிக்கையைக் கொண்டுவந்து, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கடைசிப் பக்கத்தில் கணக்கு: வாங்கிய விலை 10 லட்சம், இன்று விற்றால் 5.6 லட்சம், நஷ்டம் 4.4 லட்சம். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே கணக்கை இதே வரிசையில் நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை, என்னை நம்பி வந்த கார்க்காரர்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள், தேதியைச் சரியாகப் போடுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

## வாங்கிய விலையில் இன்றைய விலையைக் கழிப்பது

என்னிடம் வந்தது, 'விபத்தே நடக்காத வண்டி' என்று சொல்லி விற்கப்பட்ட கார். இரண்டு வருடம் ஓட்டிய பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது. டிக்கியில் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். கம்பெனி வெல்டிங் என்றால் சீரான இடைவெளியில் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக இருக்கும். அங்கே ஒரு முழ நீளத்துக்குக் கையால் இழுத்த வெல்டிங். அதன்மேல் பிரஷால் அப்பிய சீலன்ட்; பிரஷ் மயிர் போன கோடுகூடத் தெரிந்தது. பின்னால் பலமாக அடிபட்டு, வெட்டி ஒட்டிய வண்டி. குறையைக் கண்டுபிடிக்கும் வேலையை ஒழுங்காகச் செய்தேன். கணக்கில் கோட்டை விட்டேன்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதிகம் கேட்கவில்லை. "இந்த வண்டியில் எந்தக் குறையும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இன்று என்ன விலைக்குப் போகும்?"

"ஏழு லட்சம்."

"அப்படியென்றால் பத்துக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கிற மூன்று லட்சத்தை என் கட்சிக்காரர் எதற்காகத் தர வேண்டும்?"

என்னிடம் பதில் இல்லை. அந்த மூன்று லட்சம் இரண்டு வருடத் தேய்மானம். நல்ல வண்டியாக இருந்தாலும் போயிருக்கும். கணக்கு தப்பு என்று ஆனதும், வெல்டிங் பற்றி எழுதியதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். கடைசியில் கார்க்காரருக்குக் கிடைத்தது ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் தொகை மட்டும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. வண்டியை ஒப்படைத்த அன்று, சொன்னபடி இருந்திருந்தால் அதன் மதிப்பு என்ன? அன்று உண்மையில் இருந்த நிலையில், குறை தெரிந்த ஒருவர் என்ன கொடுத்திருப்பார்? இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நஷ்டம். இங்கிலாந்தின் 1979-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 53(3)-வது பிரிவு ஒப்படைத்த நேரத்தைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பில் 2-714-வது பிரிவு, பொருளை ஏற்றுக்கொண்ட நேரத்தையும் இடத்தையும் சொல்கிறது. இரண்டுமே வழக்கு போட்ட நாளைப் பேசவில்லை.

சரி, இரண்டு வருடத்துக்கு முந்தைய மதிப்பை இன்று எப்படிப் பிடிப்பது? அதே மாடல், அதே வருடம், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர் ஓடிய நல்ல வண்டி இன்று 7 லட்சம். குறையோடு இது 5.6 லட்சம். அதாவது நல்ல வண்டியின் மதிப்பில் 80 சதவீதம். வாங்கிய அன்று நல்ல வண்டியின் மதிப்பு 10 லட்சம் என்றால், குறையோடு 8 லட்சம். நஷ்டம் 2 லட்சம். ஒரு எச்சரிக்கை: குறை அன்றிலிருந்து இன்றுவரை வளராமல் இருந்தால்தான் இந்த விகிதம் நிற்கும். பழைய வெல்டிங்குக்கு ஏறக்குறையப் பொருந்தும். நாளுக்கு நாள் கெட்டுப்போகும் கியர் பாக்ஸுக்குப் பொருந்தாது. அங்கே முதல் புகார் வந்த நாளின் நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

தொகையைக் கூட்டிக் கேட்பதில் தப்பில்லை, குறைத்துத் தரட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இந்தக் கழித்தல் கணக்கு உங்களுக்கு எதிராகவும் திரும்பும். 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார்கள் வராமல், பல நாடுகளில் பழைய கார்களின் விலை ஏறியது. குறையுள்ள காருக்குக்கூட வாங்கிய விலை திரும்பக் கிடைத்திருக்கும். கழித்துப் பார்த்தால் நஷ்டம் பூஜ்ஜியம். ஆனால் குறையில்லாத அதே கார் இன்னும் அதிக விலைக்குப் போயிருக்குமே!

இன்னொன்று, வாங்கிய விலை வேறு, மதிப்பு வேறு. 11 லட்சம் மதிப்புள்ளதைப் பேரம் பேசி 10 லட்சத்துக்கு வாங்கியிருந்தால், மேலே சொன்ன முறையில் 11-இல்தான் தொடங்க வேண்டும். 20 சதவீதக் குறைக்கு 2.2 லட்சம் வரும். ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 441-வது பிரிவுப்படி விலைக்குறைப்புக் கேட்டால், கொடுத்த விலையே அந்த விகிதத்தில் குறையும். அங்கே 2 லட்சம். எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள்.

## ரிப்பேர் பில்லையே நஷ்டம் என்று எழுதுவது

பழுது முழுவதும் சரியாகிவிடும் என்றால் ரிப்பேர் செலவு நல்ல அளவுகோல்தான். ஏ.சி. கம்ப்ரசர் மாற்றினால் விஷயம் முடிந்தது. சேஸிஸ் வரை போன அடி அப்படி இல்லை. எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும், விஷயம் தெரிந்தவர் குறைத்துத்தான் கேட்பார். அந்தக் குறைவைத் தனியாக எழுத வேண்டும். அதேபோல, பாதி தேய்ந்த டயருக்குப் பதில் புது டயர் போட்டிருந்தால், அந்தக் கூடுதல் ஆதாயத்தை நீங்களே கழித்துக் காட்டுங்கள். எதிர்த்தரப்பு கழித்துக் காட்டினால் அறிக்கையின் மரியாதை போய்விடும்.

## பணமும் வாபஸ், மதிப்புக் குறைவும் வேண்டும் என்பது

இரண்டில் ஒன்றுதான்.

## பணம் வாபஸ் வாங்கும்போது தவறான கிலோமீட்டரை எடுப்பது

வண்டியைத் திருப்பிக் கொடுத்தால், ஓட்டிய அளவுக்குக் கழிப்பது பல இடங்களில் உண்டு. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் மற்ற பொருள்களுக்கு முதல் 6 மாதம் அப்படிக் கழிக்க விடுவதில்லை. மோட்டார் வாகனத்துக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கலிஃபோர்னியாவில் சூத்திரமே இருக்கிறது. பழுதுக்காக முதன்முதலில் வண்டியைக் கொண்டுபோனபோது ஓடியிருந்த மைலை 1,20,000-ஆல் வகுத்து, வரும் விகிதத்தை விலையில் கழிப்பார்கள். 6,000 மைலில் முதல் புகார் என்றால் கழிவு 5 சதவீதம். அதை விட்டுவிட்டு இன்றைய ஓடோமீட்டரைப் பார்த்து 30,000 என்று போட்டால் 25 சதவீதம் போச்சு. அதனால்தான் முதல் ஜாப் கார்டில், அதாவது வண்டியை ரிப்பேருக்கு விடும்போது எழுதும் சீட்டில், ஓடோமீட்டர் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

## விற்றவர் எதிர்பார்த்திருக்க முடியாத நஷ்டத்தையெல்லாம் சேர்ப்பது

1854-இல் ஹாட்லி – பாக்ஸன்டேல் வழக்கில், மாவு மில்லின் உடைந்த தண்டை, புதிது செய்ய மாதிரியாக எடுத்துப்போனவர் தாமதமாகக் கொண்டுசேர்த்ததால், மில் கூடுதல் நாள்கள் நின்றே கிடந்தது. போன லாபத்தை மில்காரர் கேட்டார், கிடைக்கவில்லை. தாமதமானால் மில் நின்றே கிடக்கும் என்பது எடுத்துப்போனவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவில்லை. காரிலும் அதே கதைதான். டாக்ஸி ஓட்டத்தான் வாங்குகிறேன் என்று விற்றவரிடம் சொன்னதற்கு எழுத்து இருக்கிறதா? இருந்தால் ஓடாத நாள்களின் வருமானத்தைத் தைரியமாகக் கேளுங்கள்.

## வண்டியை மூன்று மாதம் சும்மா நிறுத்தி வைத்து, மாற்று வண்டிக்கு வாடகை கேட்பது

நியாயமாக எத்தனை நாளில் சரிசெய்திருக்க முடியுமோ அத்தனை நாளுக்குத்தான் கிடைக்கும்.

## கழற்றிய பாகத்தை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வருவது

சாயங்காலம் அது இரும்புக் கடைக்குப் போய்விடும். வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் 'பழைய பாகம் திருப்பித் தரப்பட வேண்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். கையில் வாங்கியதும் எண்ணெயைத் துடைக்காமல் அப்படியே பையில் போட்டுக் கட்டுங்கள். அந்த எண்ணெயில் மின்னும் உலோகத் தூள்தான், கியர் பாக்ஸ் உள்ளேயே தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும்.